தவறு செய்த பிள்ளைக்கு ஜெயில் உண்டா?



திருவனந்தபுரத்தில் பூஜப்புரை என்றதும் பலருக்கும் ஜெயில்தான் நினைவுக்கு வரும். அங்கே மத்திய சிறை இருக்கிறது, உண்மைதான். சிறுவர்களுக்கான அரசு இல்லமும் அதே பூஜப்புரையில்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

ஒரு பையன். வயது 14. ஸ்ரீவராகம் குளத்துப் பக்கம் வீடு. அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறாள். பையன் சாலைக் கடைத்தெருவில் நின்ற ஒரு சைக்கிளை எடுத்துவிட்டான். போலீஸ் பிடித்துவிட்டது. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா என்ன செய்வாள்? அழுவாள். வட்டிக்குப் பணம் தேடுவாள். சட்டம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

18 வயது நிறையாதவர் சட்டத்தின் பார்வையில் குழந்தை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பையனை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் சிறுவர் நீதி வாரியத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டில் இதை இளைஞர் நீதிக் குழுமம் என்பார்கள். அதில் மூன்று பேர். ஒருவர் மாஜிஸ்திரேட். மற்ற இருவர் சமூக சேவகர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

குற்றம் செய்தது உண்மை என்று தெரிந்தால்? புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக்கு விடலாம். பூங்காவைச் சுத்தம் செய்வது, ஆஸ்பத்திரியில் உதவுவது போன்ற சமூக சேவை செய்யச் சொல்லலாம். அபராதம் விதிக்கலாம். இவை போதாது என்றால்தான் சிறப்பு இல்லம். அதுவும் 3 ஆண்டுக்கு மேல் இல்லை. அங்கே படிப்பும் தொழிலும் சொல்லித்தர வேண்டும்.

இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. ஷீலா பார்சே என்ற பெண் பத்திரிகையாளர் ஜெயில்களில் கிடந்த குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றம் போனார். குழந்தைகளை ஜெயிலில் வைக்கக் கூடாது என்று 1986-இல் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான முதல் இளைஞர் நீதிச் சட்டமும் வந்தது. அப்போது ஆண் பிள்ளைக்கு 16 வயதுதான் எல்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை 18 ஆக்கியது.

2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு கொடுமை நடந்தது. குற்றவாளிகளில் ஒருவனுக்கு 18 நிறையவில்லை. அவனுக்கு 3 ஆண்டு சிறப்பு இல்லம் என்றதும் மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அதன் பிறகுதான் 2015-இல் சட்டம் மாறியது. 16 முதல் 18 வயதுக்குள் மிகக் கொடிய குற்றம் செய்தவரை வாரியம் ஆராய்ந்து, பெரியவர்போல விசாரிக்க அனுப்பலாம். அப்போதும் தூக்கு கிடையாது. வெளியே வரவே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. சைக்கிள் எடுத்த பையனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி முக்கியமான சங்கதி. வயதை எப்படி நிரூபிப்பது? முதலில் பள்ளிச் சான்றிதழ் பார்ப்பார்கள். அது இல்லாவிட்டால் கார்ப்பரேஷனோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் டாக்டர் எலும்பைப் பார்த்துச் சொல்வார். பிள்ளையைச் சீக்கிரம் பள்ளியில் சேர்க்க ஒரு வயது கூட்டிச் சொல்கிற பழக்கம் நம்மிடம் உண்டல்லவா? அந்த ஒரு வயது பின்னால் பிள்ளையின் தலையில் விழும். குற்றம் நடந்த அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. வழக்கு முடிந்த பிறகுகூட வயதைச் சொல்லி மனுச் செய்யலாம்.

வக்கீலுக்குக் காசு வேண்டாம். குழந்தைகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வஞ்சியூர் கோர்ட்டில் போய்க் கேட்கலாம். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு உதவி கேட்க 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பையனின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. அந்தச் சைக்கிள் வழக்கைக் காட்டிப் பின்னாளில் அவனுக்கு வேலை மறுக்கவும் கூடாது.