நிலையாக நிற்கும் கலை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் சிலம்பையும் கம்பனையும் பற்றிப் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் யாம். தந்தையார் பணியிலிருக்கையிலேயே காலமானதால் இரயில்வேயில் வேலை பெற்று, பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து வருகின்றோம். எம்மையும் பேசுமாறு செயலாளர் பணித்தபோது பெரிதும் தயங்கினோம். “இலக்கியம் வேண்டா, விளையாட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்” என்று அவர் வழியும் காட்டிவிட்டார். ஆகவே, ஒலிம்பிக் போன்ற உலகப் பெருவிழாக்களில் நடைபெறும் துப்பாக்கி சுடும் போட்டியைப் பற்றிச் சில சொல்ல வந்துள்ளோம். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் தாய்மார்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகின்றது. யாமும் அவ்வாறு சுளித்தவரே. அதனாற்றான் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

மைசூரில் வாழும் நமக்கு வெடியோசை புதிதன்று. விஜயதசமியன்று 21 முறை பீரங்கி முழங்க, அம்பாரி யானை புறப்படுவதைக் காணாத குழந்தை நம் குடியிருப்பில் இல்லை. ஆயினும் துப்பாக்கி என்றால் அரசர்களும் அவர்தம் வேட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. விளையாட்டாகிய துப்பாக்கி சுடுதலும் நம் நாட்டில் நெடுங்காலம் அரண்மனைக்கு அருகிலேயே இருந்தது. பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியில் கலந்துகொண்டார். நம் தமிழ்நாட்டிலும், புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருதிவிராஜ் தொண்டைமான் அதே வகைப் போட்டியில் சிறந்து விளங்குகின்றார். 2023-இல் சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் குழுப்போட்டியில் தங்கம் வென்ற மூவருள் அவரும் ஒருவர்.

இவர்களைப் போற்றுவோம். ஆனால் அரண்மனைக்கும் நம் குடியிருப்புக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவைக் கடந்து வந்த ஒருவரைப் பற்றியே இன்று சிறப்பாகச் சொல்ல விரும்புகின்றோம். அவர் நம் துறையினர், பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர். பெயர் ஸ்வப்னில் குசாலே.

மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த கம்பள்வாடி என்னும் சிற்றூர் அவருடையது. தந்தை பள்ளி ஆசிரியர். 1995-இல் பிறந்த ஸ்வப்னிலை அத்தந்தை 2009-இல் மாநில அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தில் சேர்த்தார். பையனுக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயதுதான் இருக்கும். அங்கே அவர் தேர்ந்தெடுத்தது துப்பாக்கி சுடுதல். 2015-இல் மத்திய இரயில்வேயில் பணி கிடைத்தது. 2022-இல் கெய்ரோ உலகப் போட்டியில் நான்காம் இடம், பதக்கம் இல்லை. மறு ஆண்டு ஹாங்சோவில் தனியர் போட்டியில் மீண்டும் நான்காம் இடம். தம் 28-ஆம் வயதில்தான் முதன்முதல் ஒலிம்பிக் அரங்கில் கால்வைத்தார். 2024 ஆகஸ்டு முதல் நாள், 50 மீட்டர் மூன்று நிலை ரைபிள் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டியில் இந்தியர் ஒருவர் ஒலிம்பிக் பதக்கம் பெற்றது அதுவே முதன்முறை.

மூன்று நிலை என்பது யாது? முழந்தாளிட்டுச் சுடுதல், படுத்துச் சுடுதல், நின்று சுடுதல். நிலைக்கு 20 வீதம் 60 குண்டுகள். முழு மதிப்பெண் 600. முதல் எண்மரே இறுதிச் சுற்றுக்குச் செல்வர். ஸ்வப்னில் 590 பெற்று ஏழாமவராகச் சென்றார். இலக்கின் நடுவிலுள்ள பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தான். அதனை ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்து அடித்தல் வேண்டும். திறந்தவெளி ஆதலின் காற்றும் குண்டைத் தள்ளும்.

இறுதிச் சுற்றில் முழந்தாள் நிலை முடிந்தபோது ஸ்வப்னில் ஆறாமவர். படுத்த நிலை முடிந்தபோது ஐந்தாமவர். நின்று சுடும் நிலையே மூன்றனுள் கடினமானது. தாங்குவதற்குத் தரையும் இல்லை, முழங்காலும் இல்லை. அந்நிலையிற்றான் அவர் மூன்றாம் இடத்துக்கு உயர்ந்தார். அவர் பெற்றது 451.4. உலகமே நோக்கும்போதும் நிற்க அவர் அறிந்திருந்தார். அவருடைய முன்மாதிரி, ஒரு காலத்தில் கரக்பூரில் இதே பரிசோதகர் பணியைச் செய்த கிரிக்கெட் வீரர் தோனி என்பதும் நாடறிந்த செய்தி.

அன்பர்களே! இப்போட்டியை ஓட்டத்தோடும் மற்போரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிற விளையாட்டுகளில் உடல் விரைந்து இயங்க வேண்டும்; இதில் உடல் அடங்க வேண்டும். நெஞ்சின் துடிப்புக்கூடத் துப்பாக்கியின் நுனியை அசைத்துவிடும். மூச்சை அடக்கி, தோளை அடக்கி, ‘இந்தக் குண்டு என்ன ஆகுமோ’ என்னும் எண்ணத்தையும் அடக்கி, விரலால் மெல்ல அழுத்துதல் வேண்டும். துரோணர் மரத்துப் பறவையைக் காட்டி என்ன தெரிகின்றது என்று வினவியபோது அருச்சுனனுக்குத் தலை மட்டுமே தெரிந்த கதையை நம் பாட்டியர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அக்கதையை அறுபது முறை, இடைவிடாது, பிழையின்றி நடத்திக் காட்டுவதே இப்போட்டி.

எழுத்தர் வேலை செய்வோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். நாள் முழுதும் பிழையின்றி எழுதிவிட்டு, மாலையில் கடைசி வரியை அடுத்த பத்தியில் எழுதிவிட்டால் கணக்கு முழுதும் கெடும். எமக்கு அது நேர்ந்ததுண்டு. அமெரிக்க நாட்டு மேத்யூ எம்மன்ஸ் என்பவர்க்கு அஃது ஒலிம்பிக்கிலேயே நேர்ந்தது. 2004-இல் ஏதென்ஸ் நகரில், ஸ்வப்னில் பின்னாளில் வென்ற அதே மூன்று நிலைப் போட்டி. ஒரு குண்டுதான் எஞ்சியிருந்தது. ஓரளவு சுட்டாலே தங்கம் அவருக்கு. அவரும் சுட்டார். ஆனால் அவருடைய இலக்கில் துளை இல்லை. அடுத்தவர் இலக்கைச் சுட்டுவிட்டார்! அக்குண்டுக்கு மதிப்பெண் சுழி. முதலிடத்திலிருந்தவர் எட்டாமிடத்துக்கு வீழ்ந்தார்.

அவர் துப்பாக்கியைத் தூக்கியெறிந்து விடவில்லை. அன்று மாலை அவருக்கு ஆறுதல் கூற வந்த செக் நாட்டு வீராங்கனை கேத்தரினா குர்கோவாவையே பின்னர் மணந்துகொண்டார். 2008-இல் பெய்ஜிங்கில் அதே போட்டியின் கடைசிக் குண்டு மறுபடியும் அவரைக் கைவிட்டது, நான்காமிடத்தோடு திரும்பினார். அப்போதும் ஓயவில்லை. 2012-இல் இலண்டனில் அதே மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். எட்டு ஆண்டு! தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்தால் பிள்ளையின் முகம் பாராமல் உண்ணும் நாம், இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, நம்மைப் போல் வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றனுக்கு வருவோம். கடலூரில் பிறந்து, குஜராத்தில் அகமதாபாத் நகரில் வளர்ந்தவர் இளவேனில் வாலறிவன். ‘வாலறிவன்’ என்பது திருக்குறளின் முதல் அதிகாரத்தில் இறைவனுக்கு வழங்கும் பெயர் என்பதைச் சங்கத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தூய தமிழ்ப் பெயரை உலக அரங்குகளின் அறிவிப்பாளர்கள் நாப்பழக வேண்டியதாயிற்று. அவர் ஆடுவது 10 மீட்டர் ஏர் ரைபிள். இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்திய காற்றே சிறு ஈயக் குண்டைச் செலுத்தும். பத்து மதிப்பெண் பெறும் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். பென்சில் முனையால் வைத்த புள்ளி என்க. அப்புள்ளியின் சரிநடுவில் பட்டால் 10.9.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இளவேனில் 60 குண்டுகளில் பெற்றது 630.7. இடம் பத்து. இறுதிச் சுற்றுக்கு எண்மரே செல்வர் ஆதலின் வெளியே நின்றார். உடன் சுட்ட நம் நாட்டு ரமிதா ஜிந்தல் 631.5 பெற்று ஐந்தாமவராக உள்ளே சென்றார். அறுபது குண்டுகளுக்குப் பின் இருவர்க்கும் உள்ள வேறுபாடு 0.8! மூன்றாண்டுகட்கு முன் டோக்கியோவிலும் இளவேனிலுக்கு இறுதிச் சுற்று வாய்க்கவில்லை. இரண்டு ஒலிம்பிக்கும் கைநழுவின என்று அவர் வீட்டார் துப்பாக்கியைப் பெட்டியிலிட்டுப் பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை. 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானத்து ஷிம்கெண்ட் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் அதே இளவேனில் தங்கம் வென்றார்.

இத்துணையும் சொன்ன யாம், எம் குற்றத்தையும் சொல்லிவிடுதல் முறை.

2024 ஆகஸ்டில் ஸ்வப்னில் பதக்கம் வென்ற செய்தி வந்ததும், எம் அலுவலகத்தில் எல்லார்க்கும் மைசூர்பாகு வழங்கினோம். ‘நம் துறைப் பிள்ளை’ என்று கண்ணில் நீர் மல்கப் பேசினோம். அதன்பின் இரண்டு திங்கள் கழித்துத் தசரா வந்தது. எம் மகளைப் பொருட்காட்சிக்கு அழைத்துச் சென்றோம். அங்கே பலூன் சுடும் கடை. பத்துக் குண்டுகளுக்குப் பத்துப் பலூன்களையும் உடைத்தாள். கடைக்காரர் வியந்து மேலும் ஐந்து குண்டுகளை இனாமாகக் கொடுத்தார். அவற்றாலும் ஐந்து உடைந்தன. வீடு திரும்பும் வழியில், “அப்பா, இதை முறையாகக் கற்றுக்கொள்ளட்டுமா?” என்று கேட்டாள்.

“நம்மைப் போன்ற வீட்டுப் பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கம்மா?” என்றோம். செலவை எண்ணி அஞ்சினோம். குடியிருப்பில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சினோம். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சினோம். அவள் மறுத்துப் பேசவில்லை. சிறிது தூரம் நடந்தபின், “அந்தப் பரிசோதகர் வீட்டிலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்களா, அப்பா?” என்று மட்டும் கேட்டாள். எம்மிடம் விடை இல்லை. அதன்பின் அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிள்ளைகள் அடம்பிடிக்கும்போது நமக்குச் சினம் வருகின்றது. கேட்பதையே நிறுத்திவிடும்போதுதான் அச்சம் வருகின்றது. அவளுக்கு விடை தேடியே இச்செய்திகளையெல்லாம் படித்தறிந்தோம்.

அன்பர்களே! ஊரான் பிள்ளை வென்றால் இனிப்பு வழங்குவதும், நம் பிள்ளை கேட்டால் கதவடைப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. செலவு உண்மையானதே. துப்பாக்கியைத் தொடுமுன் பாதுகாப்பு ஒழுங்கை மனத்திற் பதித்தல் வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் ‘நம்மைப் போன்ற வீட்டுக்கு’ என்ற சொல் உண்மையன்று. இவ்விளையாட்டு வேண்டுவன பொறுமை, ஒழுங்கு, ஒரே செயலைச் சலிப்பின்றி நாள்தோறும் செய்தல் ஆகியனவே. மாதச் சம்பளத்தில் இருபதாம் தேதிக்கு மேல் குடும்பம் நடத்தும் நம் இல்லத்தரசிகளிடம் இல்லாத பொறுமையா? அவர்கள் மடியில் வளர்ந்த பிள்ளைகட்கு இவை பிறவிச் சொத்தாகும்.

நம் விழாவிலேயே பாருங்கள். இன்று காலை சிறுவர்க்கு எலுமிச்சை கரண்டிப் போட்டி வைத்தோம். முந்தி ஓடியவர் பலர். அவர்தம் எலுமிச்சை தரையில் உருண்டது. கையை அசைக்காமல் நடந்த சிறுமியே பரிசு பெற்றாள். நாமும் கைதட்டினோம். கைதட்டிய நாமே அடுத்த படியை எடுத்துவைக்க அஞ்சலாமா?

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். விளையாட்டுக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைக் கோப்பைகளுக்குச் செலவிடாது சேமித்து வைப்போம். விரும்பும் பிள்ளைகளை முறையான பயிற்சி நடைபெறும் இடத்துக்கு ஒரு முறையேனும் பெற்றோருடன் அழைத்துச் செல்வோம். ஒரு வீட்டுக்குச் சுமையாவது இருபது வீட்டுக்குச் சுமையாகாது. பத்துப் பேர் சென்று ஒருவர் நிலைத்தாலும் போதும். ஒருவரும் நிலைக்காவிடினும், அசையாமல் நிற்கக் கற்ற பத்துப் பிள்ளைகள் நமக்குக் கிடைப்பர்.

எம் பங்கிற்கு, எம் மகள் அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றாள். அவளிடம் தனியே சொல்வதற்கு எமக்கு நா எழவில்லை. ஆதலின் சபை சாட்சியாகச் சொல்கின்றோம். அம்மா, அன்று நீ கேட்ட கேள்விக்கு விடை இது: அந்தப் பரிசோதகர் வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. இனி நம் வீட்டிலும் சொல்ல மாட்டோம். தேர்வு முடிந்த மறுவாரம் புறப்படுவோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!