நோயா, பேயா?

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது அப்பகுதி மக்களின் மரபு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவியின் இரு கரைகளிலும் காய்ச்சல் கண்டவர் வைத்தியசாலைக்குச் செல்ல நாணுவதில்லை. பாம்பு தீண்டியவரை ஊரே கூடித் தூக்கிச் செல்லும். ஆனால், வீட்டில் ஒருவர் உறக்கமிழந்து, உணவை மறுத்து, தமக்குள்ளே பேசத் தொடங்கிவிட்டால், முதலில் வாசற்கதவு சாத்தப்படுகின்றது. பின்னர் அதைப் பற்றிய பேச்சும் அடைபட்டுப் போகின்றது. மாதங்கள் கழிந்து, சில வேளை ஆண்டுகளே கழிந்து, நோயாளி வைத்தியர் முன் கொண்டுவரப்படும்போது, எளிதில் தணிந்திருக்கக்கூடிய நோய் வேரூன்றி நிற்கின்றது.

இக்காலத்தாழ்வுக்குக் காரணம் மக்களின் மனத்தில் விடை காணாது நிற்கும் சில ஐயங்களே. நேயர் பலர் வீட்டிலும் எழுந்திருக்கக்கூடிய அவ்வையங்களை ஒவ்வொன்றாக நோக்குவது பயன் தரும்.

முதல் ஐயம்: இது நோயா, பேயா? கட்டாடியாரை அழைத்து நூல் கட்டுவதும், அம்மன் கோயிலில் வாக்குக் கேட்பதும் மட்டக்களப்பில் நெடுங்கால வழக்கங்கள். போர்க்காலத்தில் உறவினரைப் பறிகொடுத்தோரும், காணாமற் போனோரின் தாய்மாரும் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டு ஆறுதல் தேடியதை மானிடவியல் ஆய்வாளர் பற்றிசியா லோறன்ஸ் விரிவாக எழுதியுள்ளார். துயருற்ற நெஞ்சுக்கு வழிபாடு துணையாவதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் காதில் இல்லாத குரல் கேட்பதும், பிறர் தமக்கு நஞ்சிடுவதாக உறுதியாக நம்புவதும், மூளையின் தொழிற்பாடு பிறழ்ந்ததால் தோன்றும் அறிகுறிகள். கடுங்காய்ச்சல், தலையில் அடி, தைரொயிட் சுரப்பியின் கோளாறு, மதுவைத் திடீரென நிறுத்துதல் ஆகியவற்றாலும் மனம் பேதலிக்கக்கூடும். இவற்றுள் எது காரணம் என்பதைச் சோதித்தறிய வைத்தியராலேயே இயலும். நேர்த்தியும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கோயிலுக்குப் போகிறவர் வைத்தியசாலைக்கும் போகலாம். நோயாளியை அடிப்பதும், புகையில் மூச்சுத் திணறச் செய்வதும், பட்டினி போடுவதும், கட்டி வைப்பதும் மட்டும் எந்தக் காரணத்தாலும் ஏற்கத்தக்கவையல்ல.

இரண்டாவது ஐயம்: உளநோய் என்பது ஒன்றுதானா? அல்ல. ஊரார் எல்லாவற்றையும் 'விசர்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர். வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் பசியும் குன்றி, வாழ்வே பாரமாகத் தோன்றுவது மனச்சோர்வு. காரணமின்றி நெஞ்சு படபடத்து, அச்சம் நீங்காதிருப்பது பதகளிப்பு நோய். ஒருகால் அளவுகடந்த உற்சாகமும், மற்றொருகால் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வருவது இருதுருவ நோய். குரல் கேட்டலும் ஐயுறவும் மிகுந்து சிந்தனை சிதறுவது உளப்பிளவை நோய்; உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு என உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வரும் மனச்சோர்வைச் சோம்பல் என்று ஏசும் வீடுகளும் உண்டு. அதுவும் வைத்தியம் வேண்டும் நோயே.

மூன்றாவது ஐயம்: மருந்தால் குணமாகுமா, அல்லது அது மயக்கி அடிமையாக்குமா? 1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து நோயாளர்க்கு முதன்முதலாகக் கொடுக்கப்படும்வரை, கடும் உளநோய்க்கு அடைத்து வைப்பதன்றி வேறு வழி அரிதாகவே இருந்தது. அதன்பின் மருந்துகள் பல வந்தன. உளப்பிளவை நோயாளருள் மூவரில் ஒருவரேனும் முழுமையாகக் குணமடைவர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மற்றையோரில் பலரும் மருந்தின் துணையோடு தொழில் செய்து, குடும்பத்தோடு வாழ முடியும். நாள்தோறும் குளிகை விழுங்க மறப்பவர்க்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

மனச்சோர்வுக்கான மருந்து பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகலாம். மூன்றாம் நாளே பலனில்லை என்று கைவிடுவது, நாற்று நட்ட மறுநாளே கதிர் தேடுவது போன்றதாகும். இம்மருந்துகள் மதுவைப் போலப் போதைக்கு அடிமையாக்குபவை அல்ல. உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் சிலவகை மருந்துகளுக்கு மட்டும் அந்த ஆபத்து உண்டு. ஆகவே அவற்றை வைத்தியர் குறுகிய காலத்துக்கே தருவர். உடல் பருத்தல், கை நடுக்கம், வாய் உலர்தல் முதலிய பக்கவிளைவுகள் தோன்றின், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கூறினால், அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழியுண்டு. நலமாகிவிட்டது என்றெண்ணித் திடீரென நிறுத்துவதே நோய் திரும்புவதற்குப் பெருங்காரணம்.

மருந்து மட்டுமே வைத்தியமன்று. பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் நோயாளியோடு முறையாகப் பேசி, அச்சத்தையும் தவறான எண்ணத்தையும் படிப்படியாக எதிர்கொள்ளக் கற்பிப்பதும் வைத்தியமே. இலேசான மனச்சோர்வுக்கு அதுவே போதுமாகலாம்.

நான்காவது ஐயம் மின்சாரம் பற்றியது. 1938ஆம் ஆண்டு உரோமாபுரியில் தொடங்கிய இம்முறையைப் பற்றித் திரைப்படங்கள் ஊட்டிய அச்சம் பெரிது. இன்றைய முறையில், நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்த பின்னரே அது செய்யப்படுகின்றது. உணவை முற்றாக மறுத்து உயிருக்குப் போராடும் கடும் மனச்சோர்விலும், மருந்துக்கு அடங்காத நோயிலும் அது விரைந்து பயன் தருகின்றது. அண்மைய நினைவுகள் சில மங்கக்கூடும். பெரும்பாலும் அவை காலப்போக்கில் மீளும்.

ஐந்தாவது ஐயமே பலரை வீட்டில் அடைத்து வைப்பது: அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்களோ? ஒருகாலத்தில் கடும் உளநோயென்றால் கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடையே கதி என்றிருந்தது. ஊரை விட்டு, மொழி விளங்காத இடத்தில், உறவினர் வந்து பார்க்கவும் இயலாமல் நோயாளர் தங்கினர். அவ்வூரின் பெயரே வசைச்சொல்லாயிற்று. இன்று நிலைமை வேறு. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, மட்டக்களப்பு வைத்தியசாலையில் உளநல வைத்தியர் மகேசன் கணேசன் பணியாற்றிக்கொண்டிருந்தார். மறுவருடம், 2005இல், இலங்கை அரசு ஏற்றுக்கொண்ட உளநலக் கொள்கை, ஒவ்வொரு மாவட்டத்திலும் சிகிச்சை கிடைக்க வேண்டும் என வகுத்தது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. அங்கு வைத்தியம் இலவசம். பெரும்பாலோர் வெளிநோயாளராகவே பார்த்து வீடு திரும்புவர். தங்க நேர்ந்தாலும் சில வாரங்களே.

ஆழிப்பேரலை மற்றொரு பாடத்தையும் தந்தது. துயரமெல்லாம் நோயன்று. உறவை இழந்தவர் அழுவதும், கடலைக் கண்டு அஞ்சுவதும் இயல்பு. உணவும் உறைவிடமும் உற்றார் துணையும் கிடைத்தால், பெரும்பாலோர் காலத்தோடு தேறுவர். பேச விரும்பாதவரைத் தூண்டித் துருவிப் பேசவைப்பது தீங்காகவும் முடியலாம். மாதங்கள் சென்றும் அன்றாட வாழ்வு மீளாதவர்க்கே வைத்தியம் வேண்டும்.

ஆறாவதாக, "ஒரு கலியாணத்தைச் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று கூறும் பெரியவர்கள் எங்கும் உளர். திருமணம் மருந்தன்று. நோயை மறைத்துச் செய்யும் திருமணம் இரண்டு உயிர்களை வருத்தும். உண்மையைக் கூறி, வைத்தியத்தைத் தொடர்ந்து செய்யும் திருமணங்கள் நன்றாக வாழ்வதும் உண்டு.

இறுதியாக, பலர் கேட்கவே அஞ்சும் ஒன்று. "சாகவேண்டும்" என்று ஒருவர் கூறினால், அதை வாய்ச்சொல் என்று தள்ளலாமா? தள்ளலாகாது. "அப்படி எண்ணம் வருகிறதா?" என்று கனிவோடு கேட்பதால் அவ்வெண்ணம் வளர்வதில்லை, மனச்சுமை குறையவே வாய்ப்பு உண்டு. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், இருபது ஆண்டுகளில் அவ்வீதம் மூன்றிலொரு பங்களவுக்குக் குறைந்தது. துயரின் உச்சவேளை கடந்தால் மனம் மாறும் என்பதற்கு இது சான்று. எனவே வயல்வேலை செய்யும் வீடுகளில் பூச்சிநாசினியைப் பூட்டி வைப்பது உயிர்காக்கும் செயல். உயிர்மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய சட்டப்பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. பொலிசுக்கு அஞ்சி அவரை வீட்டில் மறைக்க வேண்டிய தேவை இல்லை. தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, படுவான்கரை மக்கள் பாதையில் ஏறியே வாவியைக் கடந்தனர். துறையில் காத்திருந்து, வெயிலில் நின்று, நோயாளரை அக்கரை சேர்த்த குடும்பங்கள் பல. இன்று பாதை எளிதாயிற்று. எஞ்சியிருப்பது வெட்கம் ஒன்றே. அதைக் கடக்க அயலவரின் ஒரு நல்ல சொல் போதும்: "இதுவும் ஒரு வருத்தந்தான், வாருங்கள், நாளைக்குக் கிளினிக்குக்குப் போவோம்." அச்சொல்லைக் காலத்தே கூறுகின்றவர், சாத்திய கதவு ஒன்றைத் திறந்தவராவார்.