முதல் தீக்கு முன் எழுதப்படும் ஏடு
(ஈப்போ வட்டாரத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களிடையே நிகழ்த்திய உரை)



புதிய ஆலையொன்று எழும்பும்போது நம் கண்ணுக்குப் படுவன அதன் புகைபோக்கியும் திறப்பு விழாப் பந்தலுமே. ஆயினும் அந்தப் பந்தல் போடப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே, கட்டடத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வளர்ந்து வருகிறது. அது தாளால் ஆனது. வரைபடங்கள், இயந்திர விவரத் தாள்கள், சோதனைச் சான்றுகள், ஓட்டத் தொடங்கும் முறையைச் சொல்லும் கையேடு, பணியேடு என்று அது கோப்புக் கோப்பாகச் சேர்கிறது. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

இஃது அலுவலகக் கிராணிமாரின் காரியமன்றோ, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டா. பால்மரக் காட்டில் வளர்ந்த நம் குடும்பங்களுக்கு எழுத்துக் கணக்கு புதிதன்று. பால் கொட்டகையில் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு அளவு பார்த்ததும், எத்தனை கேலன் பாலுக்கு எவ்வளவு ஃபார்மிக் அமிலம் என்று கணக்கிட்டுக் கலந்ததும், நிறுவை எடையை ஏட்டில் ஏற்றியதும் நம் பெற்றோரே. 1965-இல் தரம் குறித்த மலேசிய ரப்பர் திட்டம் தொடங்கிய பின்னர், கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த காலம் போய், சோதனைக்கூட எண்களால் தரம் சொல்லும் காலமும் வந்தது. ஆயினும் புகைக்கூடத்துக்குத் தீ மூட்டக் கையேடு வேண்டியிருக்கவில்லை. மூத்தவரின் கைப்பழக்கமே போதியதாயிருந்தது. அந்தக் கைப்பழக்கம் போதாத இடமே ஆலை.

நமது பேராக் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பலைப் பலர் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் பெயின் நிறுவனத்தார் வடிவமைக்க, 1938-இல் கட்டப்பெற்று, 1982 வரை உழைத்தது அது. அதன் எடை ஏறத்தாழ 4,500 டன். இத்தகைய கப்பல்கள் முழு உருவாகக் கடல் கடந்து வந்தவையல்ல. ஈயவயலிலேயே பகுதி பகுதியாகப் பொருத்தப்பட்டவை. அக்கரையிலிருந்த பொறியாளரின் எண்ணத்தைக் கிந்தா பள்ளத்தாக்கில் ஆணி முடுக்கிய கைக்கு எடுத்துச் சொல்ல வரைபடத்தை விட்டால் வேறு தூது ஏது?

இனிச் செம்பனை ஆலைக்கு வருவோம். பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் இன்று நிற்பது செம்பனையே. ஆகவே நம் பிள்ளைகளுக்கு அண்மையிலுள்ள தொழிற்சாலையும் பெரும்பாலும் அதுவே.

செம்பனை ஆலை ஒரு விந்தையான சுழற்சி. குலையைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரும் ஓடும் கொதிகலனுக்கு விறகாகின்றன. கொதிகலன் தரும் நீராவி சுழலியை ஓட்டி மின்சாரம் தருகிறது, குலையையும் வேகவைக்கிறது. வெந்த குலையைப் பிழிந்தால்தான் மீண்டும் நார் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு இது வரப்பிரசாதம். ஆனால் முதன்முதலாகத் தொடங்கும் நாளில் நாரும் இல்லை, நீராவியும் இல்லை, மின்சாரமும் இல்லை! டீசல் மின்னாக்கியை முதலில் ஓட்ட வேண்டும். விறகையோ வேறோர் ஆலையின் நாரையோ கொணர வேண்டும். அதற்கும் முன்னர்க் கொதிகலனில் நீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, கசிவு உண்டா என்று சோதிக்க வேண்டும். உட்புறத்துச் செங்கற்சுவர் வெடிக்காதிருக்கச் சிறு தீயால் நாட்கணக்கில் உலர்த்த வேண்டும். குழாய்களில் ஒட்டியுள்ள எண்ணெய்ப் பசையை மருந்து கலந்த நீரைக் கொதிக்கவிட்டு நீக்க வேண்டும். சுழலிக்குச் செல்லும் குழாயில் கிடக்கும் இரும்புத் துகளை நீராவி பாய்ச்சி ஊதித் தள்ள வேண்டும். பாதுகாப்பு வால்வு குறித்த அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவற்றுள் எது முன், எது பின் என்பதிலேதான் உயிர் தங்கியிருக்கிறது. முறை தவறாதிருக்கவே ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கையொப்பம். முன்னைய தாளில் கையொப்பம் விழாமல் அடுத்த படிக்குச் செல்லலாகாது. முதல் தீயிடும் நாளில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பது நம்மவர் வழக்கம். அதனை நாம் குறை கூற வரவில்லை. பாதுகாப்பு வால்வின் சோதனைச் சான்றையும் பார்த்துவிட்டு உடைத்தால் இன்னும் நன்று.

அந்த நாளில் அவசரமும் மிகுதி. வெட்டிய குலை காத்திருக்காது. நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குன்றும். மேடையில் குலை குவிந்து கிடக்க, லாரிகள் வரிசையில் நிற்க, "அந்தச் சோதனையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற குரல் எழத்தான் செய்யும். குலை வேகவைக்கும் கலத்தின் கதவை எண்ணிப் பாருங்கள். உள்ளே ஏறத்தாழ 40 பவுண்டு அழுத்தத்தில் நீராவி நிற்கிறது. அழுத்தம் முற்றும் இறங்குமுன் கதவு திறந்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. அளவி பூஜ்யம் காட்டிய பின்னரும் சோதனைக் குழாயைத் திறந்து பார்த்தே கதவில் கை வைக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதி வைத்திருப்பது வீணுக்கன்று.

தாள் இருந்தும் பழையதாய்க் கிடந்தால் என்ன நேரும்? அமெரிக்காவின் டெக்ஸஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23-ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். பழுதுபார்ப்புக்குப் பின் ஒரு பகுதியை மீண்டும் தொடங்கினர். 170 அடி உயரக் கோபுரத்தின் அடியில் ஏறத்தாழ ஆறரை அடி மட்டத்துக்கே திரவம் நிற்க வேண்டும் என்பது கையேட்டு விதி. பணியாளரோ முந்தைய தொடக்கங்களில் பழகியபடி அதற்கு மேலும் நிரப்பினர். பழக்கம் ஒரு வழி சென்றது, கையேடு வேறு வழியில் நின்றது. இரண்டையும் ஒன்றாக்க எவரும் முன்வரவில்லை. திரவ மட்டம் காட்டும் கருவியோ 1975-ஆம் ஆண்டின் விவரத் தாளைக் கொண்டு அளவிடப்பட்டிருந்தது. அக்கோபுரம் வேறு பணி செய்த காலத்துத் தாள் அது. திரவம் 158 அடிக்கு ஏறி நின்ற வேளையில் அக்கருவி எட்டடிக்கும் குறைவாகவே காட்டியது. இரவு முறையினர் பகல் முறையினர்க்குப் பணியேட்டில் விட்டுச் சென்றது ஒரே ஒரு வரி. பிற்பகலில் திரவம் பொங்கி வழிந்து தீப்பற்றியது. 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். மாண்டவர்கள் அந்தக் கோபுரத்தை இயக்கியவர்களல்லர். அருகிலிருந்த தற்காலிக அறைகளில் பணிபுரிந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

தாளே இல்லாத கதையும் உண்டு. இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் 1974 ஜூன் 1-ஆம் நாள் 28 உயிரைக் குடித்த வெடிப்புக்குக் காரணமான மாற்றுக் குழாய்க்கு, பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கீறியதைத் தவிர வேறு வரைபடம் இருக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதில் வாய்மூடி நிற்கவில்லை. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 2024 ஜூன் 1-ஆம் நாள் நீக்கப்பட்டு, 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதே நாளில் விரிவாக்கப்பட்டது. இச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி தகவலும் விளக்கமும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. இயந்திரத்தைச் செய்து விற்பவரும் அதனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் தகவலைத் தந்தாக வேண்டும் என்கிறது 20-ஆம் பிரிவு. உடனடி ஆபத்து உண்டென்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதனை நீக்காதபோது அவ்விடத்தை விட்டு விலகலாம் என்ற உரிமை, 2024-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் கிடைத்தது. ஆகவே கையேட்டைக் காட்டுங்கள் என்று கேட்பது அடங்காமையன்று.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரசாயனப் பொருள்களின் பாதுகாப்புத் தாள் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் விதி. தமிழில் அது வாராது. மலாய் நன்கறிந்த இளைஞர்கள், பக்கத்தில் நிற்கும் மூத்த தொழிலாளிக்கு அதனைத் தமிழில் எடுத்துரைத்தால் எத்துணை உதவி! 'வால்வைத் திற' என்பதும் 'வால்வை மூடு' என்பதும் தவறாகக் கேட்கப்பட்டால் வரும் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

பணியேட்டில் எழுதும்போது "எல்லாம் சரி" என்று மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். எந்த வால்வு எத்தனை மணிக்கு மூடப்பட்டது, நீர்மட்டக் கண்ணாடியில் மட்டம் எங்கே நின்றது, எந்த அளவி ஐயத்துக்கு இடமாயிருக்கிறது என்று எழுதுங்கள். குழாயில் மாற்றம் செய்தால், வரைபடத்திலும் அன்றே சிவப்பு மையால் குறிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் பதினான்காம் எண் வால்வு என்றிருந்தால் குழாயிலும் அதே எண் பொறித்த தகடு தொங்க வேண்டும். தொங்காவிடில் மேற்பார்வையாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அடுத்த முறைக்கு வருபவர் உங்கள் அண்டை லயத்துக்காரராகவும் இருக்கக்கூடும்.