காது கொடுத்துத் துவைப்போம்



வீட்டில் மிக்சி போடுகிற சத்தம் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றேதான். வாஷிங் மெஷின் அப்படி இல்லை. தண்ணீர் இறங்கும்போது ஒரு சத்தம், துணி புரளும்போது ஒன்று, தண்ணீர் வெளியேறும்போது ஒன்று, பிழியும்போது இன்னொன்று. இந்தச் சத்தங்கள் காதுக்குப் பழகிவிட்டால், அடுக்களையில் நின்றபடியே மெஷின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எதற்குத் திணறுகிறது என்று சொல்லிவிடலாம். மெஷினில் துவைப்பதை நான் ஒரு கைத்திறனாகவே மதிக்கிறேன். அதில் பாதி காதின் வேலை. வானொலியில் பேசக் கிடைத்த இந்த நேரத்தில் அந்தப் பாதியைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பேசுவது மேலே மூடி திறக்கும் டாப் லோடு மெஷினைப் பற்றி. முன்பக்கம் கதவு திறக்கும் மெஷின் தண்ணீரைச் சிக்கனமாக எடுக்கும், அழுக்கையும் நன்றாக எடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனாலும் நம் வீடுகளுக்கு டாப் லோடுதான் இசைந்து வருகிறது. முழங்கால் வலிக்காரர்கள் குனிய வேண்டாம். துவைக்க ஆரம்பித்த பிறகு கொடியில் தொங்கும் பள்ளிச் சீருடை கண்ணில் பட்டால், நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து உள்ளே போடலாம். குழாயில் வரத்து நின்றுபோனால் குடத்தில் மொண்டு ஊற்றலாம். தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் காலத்தை ஓட்டிய சென்னை வீடுகளுக்கு இந்தக் கடைசி வசதியின் அருமை தெரியும்.

நடுவில் உயரமான தண்டு நிற்கும் அமெரிக்க மெஷின்களிலிருந்து நம்முடையது வேறு வழியில் வந்தது. தட்டு சுழன்று தண்ணீரைச் சுழல வைத்துத் துவைக்கும் முறையை ஜப்பானில் சான்யோ நிறுவனம் 1953ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் ஜப்பானியக் குடும்பங்கள் மூன்று பொருளைப் பெருஞ்செல்வமாகக் கொண்டாடின: குளிர்சாதனப் பெட்டி, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி, வாஷிங் மெஷின். இன்று நம் மெஷினின் அடியில் இருக்கிறதே, பல்சேட்டர் என்ற அந்தத் தட்டு, அந்த வம்சம்தான்.

சரி, பொத்தானை அழுத்துகிறீர்கள். தண்ணீர் வருவதற்கு முன்பே, தட்டு வெறுமனே இரண்டு மூன்று முறை அசைந்து நிற்பது கேட்கும். பல மெஷின்கள் துணியின் எடையை அப்படித்தான் கணிக்கின்றன. மோட்டாரை ஒரு உதறு உதறிவிட்டு, அது எவ்வளவு இழுபடுகிறது என்று பார்த்துத் தண்ணீர் அளவை முடிவு செய்யும். ஆகவே காய்ந்த துணியைப் போட்டுத்தான் ஓடவிட வேண்டும். வாளியில் ஊறிய துணியைப் போட்டால் ஈரத்தின் கனத்தையும் சேர்த்து எடைபோட்டு, தேவைக்கு மேல் தண்ணீர் கேட்கும். அப்படிப் போட்டே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் அளவை நீங்களே பொத்தானில் குறையுங்கள்.

அடுத்தது தண்ணீர் இறங்கும் சத்தம். கனமாகச் சர்ரென்று விழவேண்டும். மூத்திரம் போவதுபோல் மெலிந்து விழுந்தால், மெஷினைக் குறை சொல்லுமுன் மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் வாயைப் பாருங்கள். குழாயை மூடி, பைப்பின் மரையைக் கழற்றினால் உள்ளே விரல் நுனி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். மொட்டைமாடித் தொட்டியின் மணலும் போர் தண்ணீரின் உப்புப் பொருக்கும் அங்கேதான் அடைந்துகொள்ளும். குறட்டால் மெதுவாக இழுத்தெடுத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, வெள்ளையாகப் படிந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றில் ஊறப் போட்டுத் திரும்பச் செருகினால் போதும். சல்லடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெலிந்தால், காரணம் பெரும்பாலும் தொட்டியின் உயரம். ஒரு மீட்டர் உயரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு பார் அளவுதான் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி வீட்டில், தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மெஷின் தாகத்தோடுதான் நிற்கும். குறித்த நேரத்துக்குள் நிரம்பாவிட்டால் எல்.ஜி. மெஷினின் திரையில் ஐ.இ. என்றும், சாம்சங்கில் 4சி என்றும் எழுத்து வரும். அதைப் பார்த்ததும் மெஷினின் சர்க்யூட் போர்டு போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். தண்ணீர் வரவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

நிரம்பியது மெஷினுக்கு எப்படித் தெரிகிறது? மெஷினுக்குள், டிரம்மைச் சுற்றியிருக்கும் வெளித்தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மேலே போகிறது. தண்ணீர் ஏற ஏற அதற்குள் அடைபட்ட காற்று நெருக்கப்படும். அந்த நெருக்கத்தை மேலே உள்ள சுவிட்ச் உணர்ந்து தண்ணீரை நிறுத்தும். சோப்புக் கசடு அந்தக் குழாயின் வாயை அடைத்தால் கணக்கு தவறிவிடும். விளிம்புவரை தண்ணீர் ஏறியும் நிற்காத மெஷினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சோப்பைச் சொன்னதும் என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959ல் ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் என்பவர், அழுக்குப் போவதற்கு வேண்டியவை நான்கு என்று வகுத்தார்: வேதிப்பொருள், விசை, வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடு செய்யலாம். நம் ஊரில் வெப்பம் இலவசமாகவே கிடைக்கிறது. கோடையில் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடியின் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். நேரத்தையும் கூட்டலாம், அரை மணி ஊறவைத்தால் காலர் அழுக்கு தானே இளகும். ஆனால் நாம் கூட்டுவது எப்போதும் சலவைத்தூளை மட்டும்தான். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் தூளின் வீரியத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியதுதான். அதற்காக நுரை பொங்கும்வரை போட்டுக்கொண்டே போனால், அந்த நுரையே துணிக்கு மெத்தையாகி உரசலைக் கெடுக்கும். அலசலில் போகாமல் துணியில் தங்கும். கறுப்பு பேன்ட்டில் வெள்ளைத் திட்டு, குழந்தையின் கழுத்தில் அரிப்பு, மெஷின் தொட்டியின் பின்புறம் கசடு, எல்லாம் அந்த ஒரு கைப்பிடிக் கூடுதலிலிருந்து வருபவை. கையால் துவைக்கும் தூள் இன்னும் மோசமாக நுரைக்கும். மெஷினுக்கென்று விற்பதையே வாங்குங்கள். கடைசி அலசலில் மெஷினை நிறுத்தி ஒரு கை தண்ணீர் அள்ளிப் பாருங்கள். விரலிடுக்கில் வழுவழுத்தால் அடுத்த தடவை தூளில் கால் பங்கைக் குறையுங்கள். இந்தச் சோதனைக்கு இணையான அளவுகரண்டி எந்தப் பெட்டியிலும் வருவதில்லை.

துவைக்கும் சத்தம் கனமாக, மாறி மாறி, களக் களக் என்று வரவேண்டும். மோட்டார் மட்டும் சுற்றித் துணி அசையாமல் நின்றால் அளவுக்கு மேல் திணித்திருக்கிறோம். மேலே மிதக்கும் சட்டை கொஞ்ச நேரத்தில் உள்ளே போய், அடியில் கிடந்த துண்டு மேலே வரவேண்டும். ஆறரைக் கிலோ என்று பெட்டியில் போட்டிருப்பது காய்ந்த பருத்தித் துணியின் எடை. டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல் இருப்பதே நல்லது. புடவையை அப்படியே போட்டால் அது வேட்டியையும் சட்டையையும் சேர்த்துக் கயிறாக முறுக்கிவிடும். தளர்வாக மடித்து வலைப்பையில் போட வேண்டும். ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிவிட்டுப் போட்டால், மெஷினுக்குள் பஞ்சு சேரும் வலை கிழியாது. அடியிலிருந்து கிர்ரென்று உரசல் கேட்டால், தட்டுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் உருள்கிறது என்று பொருள். தட்டு நகரவே நகராமல் ம்ம்ம் என்று மோட்டார் முனகினால் உடனே சுவிட்சை அணையுங்கள். ஏதோ சிக்கியிருக்கலாம், கெபாசிட்டர் போயிருக்கலாம். முனகவிட்டால் மோட்டார் எரியும்.

துவைத்து முடிந்ததும் டக் என்று ஒரு சிறு சத்தம். வெளியேற்றும் வால்வை ஒரு குட்டி மோட்டார் இழுத்துத் திறக்கிறது. அதே இழுப்பில் டிரம்மும் பிழிவதற்குத் தயாராகிறது. டக் கேட்டும் தண்ணீர் போகாவிட்டால் வெளிப்பைப்பைப் பாருங்கள். நம் டாப் லோடு மெஷின்களில் பலவற்றுக்குப் பம்பு கிடையாது, தண்ணீர் தன் பாரத்தால்தான் வடிகிறது. பைப்பை வாஷ்பேசின் உயரத்துக்குத் தூக்கி மாட்டினாலோ, நுனி வாளித் தண்ணீரில் மூழ்கினாலோ வடியாது. டக் கேட்பதற்கு முன்பே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தால், வால்வின் வாயில் ஊக்கோ துணிநூலோ சிக்கியிருக்கும்.

பிழியும்போது வரும் டொம் டொம்மென்ற இடி எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. அது அற்பமான விஷயம் இல்லை. நிமிடத்துக்கு 700 சுற்று வேகத்தில், மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டிக்கொண்ட ஒரு கிலோ ஈரத்துணி, டிரம்மின் சுவரை ஏறத்தாழ 135 கிலோ எடைக்கு நிகரான விசையோடு தள்ளும். அதைச் சமாளிக்கத்தான் டிரம்மின் மேல்விளிம்பு வளையத்துக்குள் உப்புநீர் அடைத்து, நான்கு மூலையிலும் கம்பிகளில் தொட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதற்கும் மீறினால் மெஷின் தானே நின்று, மறுபடி தண்ணீர் எடுத்து, துணியைக் கலைத்துப் பரப்பி மீண்டும் முயலும். அலசலே முடியவில்லை, தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கிறது என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தைத்தான். ஜமக்காளம் ஒன்றை மட்டும் தனியாகப் போட்டால் இப்படி ஆகும். மூடியைத் திறந்து, கையால் சுற்றிலும் பரப்பிவிட்டு ஓடவிடுங்கள். அப்போதும் இடித்தால், மெஷினின் மேல் எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடுகிற பக்கத்துக் காலைத் திருகி இறக்கி, ஒரு டம்ளர் தண்ணீரை மேலே வைத்து மட்டம் சரிபாருங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டு இந்த ஆட்டத்தைக் கூட்டும்.

மழைக்கோட்டையும் பிளாஸ்டிக் விரிப்பையும் பிழியவே போடக்கூடாது. அவை தண்ணீரைப் பை மாதிரி கட்டிவைத்திருந்து, வேகம் ஏறியபின் ஒரே பக்கமாகக் கொட்டும். அமெரிக்காவில், பிழியும் வேகத்தில் மேல்பகுதி பிய்ந்து போகக்கூடும் என்ற காரணத்தால் 2016 நவம்பரில் சாம்சங் நிறுவனம் ஏறத்தாழ 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது. ஆகவே, கனத்த போர்வைக்கென்று உள்ள மெதுவான ஓட்டத்தைப் பயன்படுத்தச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

துணியில் கறுப்புத் துணுக்கு ஒட்டி வந்தால், கண்ணுக்குத் தெரியாத வெளித்தொட்டியில் சோப்புக் கசடும் பூஞ்சையும் வளர்ந்திருக்கின்றன. மாதம் ஒருமுறை துணி போடாமல் வெந்நீரில் சுத்தம் செய்யும் ஓட்டத்தை விடுங்கள், துவைத்து முடிந்ததும் மூடியைத் திறந்தே வையுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிளீச்சிங் திரவத்தையும் வினிகர் போன்ற அமிலத்தையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். அடிப்பக்கம் திறந்திருந்தால் எலி புகுந்து ஒயரைக் கடிக்கும், அதற்கான வலைத்தட்டைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். "ஓடமாட்டேங்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கட்டத்தில் நின்றது, டக் கேட்டதா இல்லையா, முனகியதா, உரசியதா, திரையில் என்ன எழுத்து வந்தது என்று போனிலேயே சொல்லுங்கள். அவர் சரியான உதிரிபாகத்தோடு வருவார். போர்டை மாற்றணும் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்க உங்களிடமும் விவரம் இருக்கும்.