கோப்பை இருக்கிறது, கழகம் எங்கே?



இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டால் பாலம், கான்கிரீட் என்று ஆரம்பிப்பான் என நினைத்திருப்பீர்கள். பயப்படாதீங்க, கால்பந்துதான்.

1859-இல் இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் படித்த சிலர் ஒரு கழகம் ஆரம்பித்தார்கள். 1864-இல் அதன் பெயர் 'வாண்டரர்ஸ்' ஆனது. நாடோடிகள் என்று அர்த்தம். பெயருக்கேற்ப, சொந்த மைதானம் கிடையாது. சம்பளமும் கிடையாது, எல்லோரும் ஆசைக்கு ஆடியவர்கள். 1872-இல் முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், லண்டன் ஓவல் மைதானத்தில், ராயல் இன்ஜினியர்ஸ் அணியை 1-0 என்று ஜெயித்தார்கள். (நம்ம தொழில்காரங்க தோத்துட்டாங்க!) மொத்தம் 5 கோப்பைகள். 1876, 1877, 1878 என மூன்றாண்டு தொடர்ந்து வென்றதால் கோப்பையே அவர்களுக்குச் சொந்தமானது. இனி யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம்? அவரவர் பள்ளிக்குத் தனித்தனியாகப் பழைய மாணவர் அணிகள் வந்தன. ஆட்டக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். அடுத்த சீசன் முதல் சுற்றிலேயே ஓல்ட் ஈட்டோனியன்ஸ் அணியிடம் 7-2 என்று தோல்வி. பத்தாண்டுக்குள் கழகமே கலைந்தது. அதை எதிரி அழிக்கவில்லை. ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

நமக்கும் பேட்ச்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நல்லதுதான். ஆனால் பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வர்றோம்? ஃபீஸ் கட்ட முடியாத தம்பிக்கு, தங்கைக்குக் கை கொடுப்பது சங்கம்தானே? பேட்ச்சுக்கு ஒருவராவது வாருங்கள். இறுதியாண்டு மாணவர்களையும் நிர்வாகக் குழுவில் உட்கார வையுங்கள். அடுத்து ஆடப்போவது அவர்கள்தான்.