காதால் கேட்கிற கணக்கு

(பீர்க்கன்கரணையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)



கம்ப்யூட்டரில் ஆடியோ கேட்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். "பாட்டு கேட்கவா நம்மளை கூப்பிட்டாங்க?" என்று பின்னால் ஒரு அக்கா சிரிக்கிறார். பாட்டும் கேட்கலாம் அக்கா. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. கையெழுத்து மட்டும் போடுவார், படிக்கத் தெரியாது. தையல் மெஷினுக்கு உள்கடன் வாங்கினார். இரண்டு மாதம் கழித்து தகராறு வந்தது. தவணை 1,500 ரூபாய் என்றார் அவர். தீர்மான நோட்டில் 1,800 என்று இருந்தது. "நோட்டுல இருக்கிறதுதான் உண்மை" என்று எல்லாரும் சொல்லிவிட்டோம். அவர் கண் கலங்கி எழுந்து போனார். அப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை.

அந்த நோட்டை எழுதினவள் நான்தான்.

அன்றைய கூட்டத்தை ஒரு உறுப்பினர், எல்லாரையும் கேட்டுக்கொண்டு, பழைய செல்போனில் பதிவு செய்திருந்தார். அதைக் கூட்டமைப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். திறக்கவில்லை. "ஃபைல் கெட்டுப்போச்சு, அழிச்சிடலாம்" என்றார்கள். நல்லவேளை, அழிக்கவில்லை.

ஃபைல் கெடவில்லை சகோதரிகளே. பூட்டு ஒன்று, நாம் போட்ட சாவி வேறு. ஒலியைச் சேமிக்கப் பல வகை உண்டு. சிடியில் இருக்கிற தரத்திலேயே வேவ் ஃபைலாக வைத்தால் மூன்று நிமிடப் பாட்டுக்கு சுமார் 30 எம்.பி. இடம் வேண்டும். எம்பி3 ஆக்கினால் சுமார் 3 எம்.பி. போதும். காது அவ்வளவாகக் கவனிக்காத ஒலிகளை விட்டுவிட்டுச் சுருக்குகிறார்கள். எங்கள் செல்போன் பதிவு ஏ.எம்.ஆர். என்ற இன்னொரு வகை. பேச்சுக்கென்றே உள்ளது.

வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள் பலவகை ஃபைல்களையும் திறக்கும். பிரான்ஸ் நாட்டில் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, 2001 முதல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அதைப் போட்டதும் எங்கள் குரலே எங்களுக்குக் கேட்டது!

இனி செய்முறை. ஃபைல் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'ஓப்பன் வித்' என்பதில் வி.எல்.சி.யைத் தேர்ந்தெடுங்கள். நிறுத்தவும் மறுபடி ஓடவும் ஸ்பேஸ் பார். வேகமாகப் பேசியது புரியவில்லையா? 'பிளேபேக்' மெனுவில் 'ஸ்பீடு' போய் மெதுவாக்குங்கள். கீழே உள்ள கோட்டில் பின்னால் கிளிக் செய்தால் விட்ட இடத்தைத் திரும்பக் கேட்கலாம்.

நாங்கள் மூன்று முறை திரும்பக் கேட்டோம். "முதல் ஆறு மாசம் 1,500, அதுக்கப்புறம் 1,800" என்று தலைவி சொல்வது தெளிவாகக் கேட்டது. நான் இரண்டாவதை மட்டும் எழுதியிருந்தேன். அக்கா வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "படிக்கத் தெரியாதவ பொய் சொல்லுவான்னு நினைச்சிட்டீங்களேம்மா" என்றார். இன்னும் அந்தச் சொல் மனதில் குத்துகிறது.

காதுக்கு இருக்கும் பலம் புதிதல்ல. 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினத்தில் கம்ப்யூட்டர் வழியாக வந்த அலை உயர விவரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எழுத்துத் தெரியாத மீனவரும் கேட்டு, கடலுக்குப் போகலாமா என்று முடிவெடுக்க முடிந்தது.

சில விஷயங்களை மறக்காதீர்கள். எல்லாரும் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்யுங்கள். ஃபைலுக்குக் குழுப் பெயரும் தேதியும் வையுங்கள். பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். குழு விஷயத்தை வெளியில் யாருக்கும் அனுப்பாதீர்கள். பதிவு இருக்கிறதே என்று நோட்டு எழுதாமலும் விடாதீர்கள். எழுதினதை அன்றைக்கே உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அந்த அக்கா இப்போது மாதம் தவறாமல் வருகிறார். கூட்டம் முடிந்ததும் அவரே மவுஸைப் பிடித்துக் கேட்கிறார். பிறகுதான் கையெழுத்து. நீங்களும் பயப்படாமல் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.