குழந்தையின் பங்கு
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

குழந்தைகளின் உடல்நலம் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். காய்ச்சலையும் தடுப்பூசியையும் பற்றிப் பேச வல்லார் பலர் உளர். நான் இயன்முறை மருத்துவத் தொழிலில் இருப்பவன். ஆதலின், கைகால் வழங்காத குழந்தைகளையும், நடையும் பேச்சும் தாமதப்பட்ட குழந்தைகளையும் பற்றியே பேச விழைகின்றேன்.

முதற்கண் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், மூளை முடக்குவாதத்தால் கால்கள் இறுகிப்போன ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் தாய் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவாள். வாரந்தோறும் முழங்காலை நீட்டுவேன், எத்தனை பாகை நீண்டது என்று அளப்பேன், அட்டையில் குறிப்பேன். சில மாதங்கள் கழிந்தன. பத்துப் பாகை கூடியிருந்தது. பெருமிதத்தோடு அதனைத் தாயிடம் கூறினேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்து, “எல்லாம் சரிதான் ஐயா. லைனில் பிள்ளைகள் பாண்டி ஆடுகிறார்கள். இவள் சன்னலண்டை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவர்களோடு எப்போது சேருவாள்?” என்று கேட்டாள்.

என் அட்டையில் அதற்கு இடமே இல்லை. அதனினும் வெட்கத்திற்குரியது, சிறுமியை நான் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை என்பது. அன்றுதான் கேட்டேன். அவள், “நான் தாண்ட வேண்டாம், சில்லு எறிய வேண்டும்” என்றாள். எவ்வளவு தெளிவான விடை! வீட்டு வாசலில் ஒரு தாழ்ந்த முக்காலி போட்டோம். சாயாமல் உட்காரவும், மூடிய விரல்களை விரித்துச் சில்லை விடவும் பழக்கினோம். தெருப் பிள்ளைகள் தாமாகவே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டனர். இவள் எறிய வேண்டும், தோழி ஒருத்தி இவளுக்காகத் தாண்ட வேண்டும். அவள் கால்கள் இன்றுவரை நேராகவில்லை. ஆயினும் அந்த ஆட்டத்தில் அவளுக்கென்று ஒரு முறை வந்தது.

நம் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பெப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நம்மில் எவரும் மறக்கவொண்ணாத நாள் அது. அதே ஆண்டு மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம், உடற்குறையை நோக்கும் முறைக்குப் புதியதொரு வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. எலும்பும் தசையும் எவ்வாறுள்ளன என்பதோடு நில்லாது, அம்மனிதர் வாழ்க்கையில் எங்கெங்கே பங்கு கொள்கிறார், அவரைச் சூழ்ந்துள்ள படியும் பாதையும் மனிதரும் துணை செய்கின்றனரா, தடை செய்கின்றனரா என்றும் அது வினவுகின்றது. கனடா நாட்டு மருத்துவர் பீட்டர் ரோசன்பாமும் யான் வில்லெம் கோர்ட்டரும் 2012-இல் இதனைப் பெற்றோர்க்கு எளிதாக்கி, செயல், குடும்பம், உடல்வலிமை, மகிழ்ச்சி, நட்பு, எதிர்காலம் என ஆறு சொற்களில் அடக்கினர். மகிழ்ச்சியை மருத்துவச் சொல்லாக ஆக்கியதற்காகவே அவர்களைப் பாராட்டலாம்.

ஆராய்ச்சியாளர் மற்றொன்றையும் வற்புறுத்துகின்றனர். ஓரிடத்தில் இருப்பது வேறு. அங்கே ஈடுபடுவது வேறு. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை விழாவில் முன் வரிசையில் அமர்த்தி, பரிசளித்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகின்றோம். பிள்ளை வந்தது உண்மை. பங்கு கொண்டதா? நம் சங்கத்தையும் சேர்த்தே கேட்கின்றேன். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

“காலை நீட்டாமல் விளையாட்டென்று பொழுது போக்கினால் குழந்தை பின்தங்காதா?” என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. கனடாவில் மூளை முடக்குவாதமுள்ள 128 சிறு குழந்தைகளை இரு பிரிவாக்கி ஆறு மாதம் பார்த்தனர். ஒரு பிரிவில் குழந்தையின் உடலைத் திருத்த முயன்றனர். மற்றதில் செய்யும் வேலையையும் சூழலையும் மாற்றினர். 2011-இல் முடிவு வெளிவந்தது. இரு பிரிவினரும் முன்னேறினர். இரண்டிற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. ஆகவே பயிற்சியை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டியதைக் காட்டியே தீர வேண்டும். கால் நேராகும்வரை விளையாட்டைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

நம் ஊர் நிலையை எண்ணிப் பாருங்கள். பாலாறு பேத்தமங்களா ஏரியைக் கடந்து வேலூர்ப் பக்கம் ஓடுகின்றது. நம் மக்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வழியே வேலூருக்குச் செல்கின்றனர். தகப்பன் விடியுமுன் பெங்களூர் ரயிலேறினால் இரவில்தான் திரும்புகிறான். ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. மொழியும் ஓர் இடர்தான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, அலுவலகத்தில் கன்னடம். தன் விருப்பத்தைத் தாய்மொழியிலேயே திக்கித்திக்கிச் சொல்லும் குழந்தை, அறியாத மொழியில் கேட்பவரிடம் என்ன சொல்லும்?

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-இல் பெங்களூரில் காயமுற்று, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் அதனைத் தொடங்கினார். அங்கே சிற்றூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடுதேடிச் செல்கின்றனர். மருத்துவ வல்லுநர்கள் அவர்களை மேற்பார்க்கின்றனர். குடும்பத்தினரும் கூடவே கற்கின்றனர். அரசும் 2013 முதல் தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரை, அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதனை நடத்த வகை செய்துள்ளது. வளர்ச்சித் தாமதமும் அதில் அடங்கும். அங்கே மருத்துவர் பிள்ளையின் காலை அளக்கும்போது, “இவள் தண்ணீர்க் குடம் எடுத்துவர ஆசைப்படுகிறாள், அதற்கென்ன வழி?” என்று நீங்கள் கேளுங்கள். கேட்டால்தான் அவர் அட்டையிலும் ஒரு வரி ஏறும்.

நிறைவாக ஒரு விண்ணப்பம். நம் ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும் அறைக்கு மூன்று படிகள் உள்ளன. இரு குழந்தைகள் அப்படிகளால் வெளியே நிற்கின்றனர். கொத்தனார் ஒருவர் கூலியின்றிச் சாய்தளம் கட்டித்தர இசைந்துள்ளார்; சிமெண்டும் மணலும் மட்டும் வேண்டும். பொங்கலுக்குள் முடிக்கலாம். வரும் ஆண்டு கும்மிக்கு அவ்விருவரில் ஒருத்தி தாளம் தட்ட விரும்புவதாகச் சொல்லியிருக்கிறாள். நிகழ்ச்சி நிரலில் அவள் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டு அமர்கின்றேன்.